அம்மாவுக்குப் புரியாது

அத்தியாயம் 11

சாப்பாட்டு மேஜையில் ஒரு வார்த்தை விழுந்து ஒரு வாரம் ஆகிறது. இன்னும் யாரும் அதைக் குனிந்து எடுக்கவில்லை.

போன வாரம் பத்திரிகை கைக்குக் கிடைக்காதவர்களுக்காக சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பெரியவனுக்கு வேறு ஊருக்கு மாற்றல் வந்துவிட்டது. அவன் தங்கை பொடிசுக்கும் (வயது இருபத்து நாலு, ஆனாலும் வீட்டில் பொடிசுதான்) அவள் வேலை பார்க்கும் மூக்குக் கண்ணாடிக் கடையின் தலைமைக் கிளையில், அதுவும் வெளியூரில், ஒரு வருடப் பயிற்சிக்கு இடம் கிடைத்திருக்கிறது. அப்பா காலமாகி வருடங்கள் ஓடிவிட்டன. அப்படியானால் அம்மாவோடு யார் இருப்பது? அண்ணனும் தங்கையும் இதற்காகத்தான் அடித்துக்கொண்டார்கள். அம்மா எதிரிலேயே, அம்மா பரிமாறப் பரிமாற.

அம்மா எதிரிலேயேவா, இது என்ன பிள்ளைகள் என்று கோபப்படாதீர்கள். அந்த வீட்டின் சட்டம் அப்படி.

அம்மாவிடம் பேசுவதென்றால் தமிழ். அண்ணனும் தங்கையும் தங்களுக்குள் பேசுவது அந்த ஊர்ப் பாஷை. அதற்கு அம்மா வைத்த பெயர் வெளிப்பேச்சு. பிள்ளைகள் பள்ளிக்கூடம் போகத் தொடங்கிய புதிதில், இரண்டும் வீட்டுக்குள்ளும் அதிலேயே பேசியபடி வந்து நின்றன. அம்மா இடுப்பில் கை வைத்துச் சொல்லிவிட்டாள்: "எனக்கு அதெல்லாம் புரியாது. தமிழ்ல கேட்டாத்தான் தண்ணியே கிடைக்கும்."

சொன்னபடி செய்தாள். வெளிப்பேச்சில் எவ்வளவு தாகத்தோடு கேட்டாலும் தண்ணீர் வராது. அதனால் அம்மாவிடம் தமிழ் நின்றது. ஆனால் அம்மா எதிர்பார்க்காத இன்னொன்றும் நடந்தது. அம்மா பக்கத்தில் இருக்கும்போது அண்ணனும் தங்கையும் குரலைத் தாழ்த்தவே கற்றுக்கொள்ளவில்லை. எதற்குத் தாழ்த்த வேண்டும்? அம்மாவுக்குத்தான் புரியாதே!

அப்படிக் குரலைத் தாழ்த்தாமல்தான் போன வாரம் பொடிசு வெளிப்பேச்சில் கத்தினாள்.

"இத்தனை வருஷமா இந்த ஊர்ல இருக்கா, நாலு வார்த்தை பேசக் கத்துக்கல. பேங்க்குக்கு நான், டாக்டருக்கு நான், கரண்ட் ஆபீசுக்கு நான். பத்து வயசுலேர்ந்து! ஆயுசு முழுக்க அம்மாவோட நாக்கா நானே இருக்கணுமா? எனக்குன்னு ஒரு வாய் வேண்டாமா?"

அம்மா அவள் தட்டில் இன்னும் ஒரு கரண்டி வைத்துவிட்டு உள்ளே போனாள். அவ்வளவுதான் நடந்தது. இப்போது இந்த வாரத்துக்கு வருவோம்.

*

காலையில் அம்மா தன் மூக்குக் கண்ணாடியை நீட்டினாள். ஒரு பக்கத்துக் கை தனியாகத் தொங்கியது.

"உங்க கடையில இதைச் சரி பண்ணுவாங்களா?"

"ம். குடு."

"மத்தியானம் வேணும். இல்லைன்னா வேலை ஓடாது."

"லஞ்ச் டைம்ல கொண்டு வந்து தரேன்."

"வாசல்ல குடுத்துட்டுப் போ. உள்ள வராத, ஒரே நீராவி."

"சரிம்மா. மாத்திரை போட்டியா?"

"போட்டேன்."

அம்மாவுக்கும் மகளுக்கும் அன்றைய பேச்சு இத்தோடு முடிந்தது. தினமும் ஏறக்குறைய இதுதான். சாப்டியா, போட்டியா, பூட்டினியா, வரேன். குழந்தைக்குப் போட்ட சட்டையைப் போல அவள் தமிழ் ஒரு வயதில் நின்றுவிட்டது. உடம்பு மட்டும் வளர்ந்துவிட்டது. தமிழில் பொடிசுக்குப் பத்து வயசு. வெளிப்பேச்சில்தான் அவளுக்கு இருபத்து நாலு.

கடையில் அவள் வேறு ஆள். வாடிக்கையாளர் வெளியே போனதும் அவரைப் போலவே கண்ணாடியை மூக்கு நுனியில் இறக்கிவிட்டுக்கொண்டு, "இதுல என் முகம் பெரிசாத் தெரியுதே, வேற முகம் இருக்கா?" என்பாள். லென்ஸ் தேய்ப்பவர் மெஷினை நிறுத்திவிட்டுச் சிரிப்பார். இந்தக் குசும்பு உனக்கு யாரிடமிருந்து வந்தது என்று முதலாளி ஒருநாள் கேட்டார். "எங்க வீட்ல யாருக்கும் கிடையாது சார், நான் சொந்தமா வாங்கினது" என்றாள். அம்மா ஒரு வாயில்லாப் பூச்சி என்பது அவள் முடிவு.

அன்று பத்தரை மணி சுமாருக்கு ஒரு பெண் வந்தாள். பொடிசின் வயதுதான் இருக்கும். புதுக் கண்ணாடியைப் போட்டுப் பார்த்துக்கொண்டிருந்தபோது அவள் கைபேசி அடித்தது. திரும்பி நின்று, வாயைக் கையால் மூடிக்கொண்டு தமிழில் பேசினாள்.

"கடையில இருக்கேன்மா. அப்புறம் பேசறேன். சரி, சாப்பிடறேன். சரிம்மா, வெச்சிடறேன்."

பொடிசின் கையிலிருந்த துடைக்கும் துணி நின்றது. அந்தப் பெண் திரும்பினாள். இவள் முகத்தைப் பார்த்தாள். புரிந்துவிட்டது. இவளுக்கும் புரிந்துவிட்டது. இரண்டு பேருடைய அம்மாவும் ஒரே கேள்வியைத்தான் கேட்கிறார்கள்!

"காதுக்குப் பின்னாடி அழுத்துதா?" என்று பொடிசு கேட்டாள். வெளிப்பேச்சில்.

"இல்லை, சரியா இருக்கு" என்றாள் அவள். அதுவும் வெளிப்பேச்சில்.

தமிழில் ஒரு வார்த்தை போட்டிருந்தால் என்ன குடி முழுகிப் போயிருக்கும் என்று நீங்கள் கேட்கலாம். தமிழில் ஆரம்பித்தால், அடுத்த நிமிடம் எந்த ஊர், அப்பா என்ன பண்றார், கூடப் பிறந்தவங்க எத்தனை பேர் என்று வந்து நிற்கும். இரண்டு பேரும் யாரோ ஒருத்தர் வீட்டுப் பெண்ணாகிவிடுவார்கள். வெளிப்பேச்சில் அப்படியில்லை, ஒருத்தி கண்ணாடி விற்கிறாள், ஒருத்தி வாங்குகிறாள். அது ஒரு சுதந்திரம்தான். ஆனால் அந்தப் பெண் கதவைத் தள்ளிக்கொண்டு போனபோது பொடிசுக்கு ஓடிப்போய்க் கூப்பிட வேண்டும் போல இருந்தது. கூப்பிட்டு என்ன சொல்வது என்று தெரியாததால் கண்ணாடிப் பெட்டியைத் துடைத்தாள்.

அண்ணனை விட்டால், இந்த ஊரில் அவளை முழுசாகத் தெரிந்த ஆள் ஒருவர்கூட இல்லை. கடைக்காரர்களுக்கு வீட்டுப் பொடிசைத் தெரியாது. அம்மாவுக்குக் கடைப் பெண்ணைத் தெரியாது. அப்படித்தான் அவள் நினைத்துக்கொண்டிருந்தாள்.

*

அம்மா வேலை பார்க்கும் லாண்டரி ஒரு பெரிய ஹோட்டலின் அடித்தளத்தில் இருந்தது. பின்பக்கச் சந்தில் வாசல். பொடிசு எத்தனையோ தடவை அந்த வாசல்வரை வந்திருக்கிறாள். காவலாளி உள்ளே சொல்லி அனுப்புவார். அம்மா ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு வெளியே வருவாள். ஒருநாள்கூட உள்ளே போனதில்லை.

அன்று காவலாளி நாற்காலி காலியாக இருந்தது. சரி, கொடுத்துவிட்டு ஓடிவிடலாம் என்று படி இறங்கினாள்.

முதலில் சூடு முகத்தில் அடித்தது. அப்புறம் மெஷின் சத்தம். நீளமான உருளை ஒன்று ஈரப் படுக்கை விரிப்புகளை ஒரு பக்கம் விழுங்கி, மறுபக்கம் காயவைத்துத் தள்ளிக்கொண்டிருந்தது. பெண்கள் இரண்டு இரண்டு பேராக நின்று விரிப்பின் முனைகளைப் பிடித்து, இழுத்து, சேர்த்து, ஒருவரை ஒருவர் நோக்கி நடந்து மடித்தார்கள். அவ்வளவு சத்தத்துக்கும் மேலே ஒரு குரல் ஏதோ கதை சொல்லிக்கொண்டிருந்தது. வெளிப்பேச்சில்தான். தடங்கல் இல்லாமல், கொஞ்சம் கொச்சையாக, சந்தைக்காரி மாதிரி. சுற்றி இருந்தவர்கள் சிரித்துக்கொண்டிருந்தார்கள்.

யார் இது, நல்லாப் பேசுறாளே என்று பொடிசு எட்டிப் பார்த்தாள்.

அம்மா!

பொடிசு துணி வண்டிக்குப் பின்னால் அப்படியே நின்றுவிட்டாள்.

"டாக்டர் அஞ்சு நிமிஷம் பேசறார்" என்றாள் அம்மா. விரிப்பின் முனையை விட்டுவிட்டு, கழுத்தில் ஸ்டெதாஸ்கோப் தொங்குவது போல நெஞ்சை நிமிர்த்திக் காட்டினாள். "உப்பைக் குறைக்கணும். படி ஏறக் கூடாது. கோபப்படக் கூடாது. நல்லாத் தூங்கணும். அடுத்த மாசம் வந்து ரத்தம் குடுக்கணும். எனக்கே மூச்சு வாங்குது. எல்லாத்தையும் கேட்டுட்டு என் பொண்ணு என் பக்கம் திரும்பறா. என்ன சொன்னா தெரியுமா? 'ஒண்ணும் இல்லையாம்மா.' அவ்வளவுதான்! டாக்டரோட அஞ்சு நிமிஷத்தை அப்படியே முழுங்கி ஏப்பம் விட்டுட்டா!"

எதிரில் நின்றவள் விரிப்பைக் கீழே போட்டுவிட்டு வயிற்றைப் பிடித்துக்கொண்டாள்.

"நீ என்ன பண்ணின?"

"என்ன பண்றது? 'அப்படியா?'ன்னு மண்டையை ஆட்டினேன்."

"எனக்கு எல்லாம் தெரியும்டின்னு ஒருநாள் சொல்லித் தொலைக்க வேண்டியதுதானே!"

அம்மா முனையை மறுபடி கையில் எடுத்தாள். சிரிப்பு இன்னும் முகத்தில் இருந்தது.

"சொல்லிட்டா அப்புறம் வீட்ல யாரு எங்கூடத் தமிழ்ல பேசுவா? மாத்திரை போட்டியான்னு கேக்கவாவது ஒரு ஆள் இருக்கே."

பொடிசு வண்டிக்கு மேலே தலையை நீட்டிப் பார்த்தாள். அந்தக் கண்ணை உருட்டுவது, நெஞ்சை நிமிர்த்துவது, கடைசி வார்த்தைக்கு முன்னால் ஒரு விநாடி நிறுத்துவது, எல்லாம் பொடிசினுடையது. கடையில் தினமும் அவள் செய்வது. சொந்தமாக வாங்கினதாம்!

"யாரு வேணும்?" என்று பின்னாலிருந்து ஒரு கை தோளைத் தொட்டது. சூப்பர்வைசர். பொடிசு வாய் திறக்காமல் கண்ணாடியை நீட்டினாள். அந்தம்மா கண்ணாடியைப் பார்த்தார், முகத்தைப் பார்த்தார்.

"அட, மகளா நீ? அதே மூக்கு! ரூம் விஷயமா வந்தியா?"

"என்ன ரூம்?"

"மேல ஸ்டாஃப் குவார்ட்டர்ஸ்ல தனி ரூம் கேட்டிருந்தாங்களே. கிடைச்சிடுச்சு. ஒண்ணாம் தேதிலேர்ந்து வந்துடலாம். பிள்ளைங்க ரெண்டு பேரும் வெளியூர் போறாங்கன்னு சொன்னாங்க. நீயும் போறியாமே, ரொம்ப சந்தோஷம்."

"எப்போ கேட்டாங்க?"

"போன வாரம்."

தான் கத்திய வாரம் என்று பொடிசுக்குப் புரிந்தது. ஆனாலும் கேட்டாள். "அம்மா எப்பவும் இப்படிப் பேசுவாங்களா?"

"அவங்களா? நான் வேலைக்குச் சேர்ந்தப்போ எனக்கு எல்லாம் சொல்லிக் குடுத்ததே அவங்கதான். வாய் நிறுத்தினா மெஷின் நின்னுபோகும்." சூப்பர்வைசர் சிரித்துவிட்டு அம்மா பக்கம் கையைத் தூக்கப் போனார்.

"கூப்பிடாதீங்க" என்று பொடிசு அந்தக் கையைப் பிடித்துக்கொண்டாள். "இதைக் குடுத்துடுங்க. நான் உள்ளே வந்தேன்னு சொல்லாதீங்க, ப்ளீஸ்."

*

சந்திலிருந்து வெளியே வந்ததும்தான் கணக்கு ஆரம்பமாயிற்று. எதையெல்லாம் பேசியிருக்கிறோம்? அம்மா பக்கத்தில் வெங்காயம் உரித்துக்கொண்டு இருக்க, அம்மா துணி மடித்துக்கொண்டு இருக்க, எதை எதையெல்லாம்!

முதல் காதல். இரண்டாவது காதல். அப்பா செத்த வீட்டில் அழுகை வரவில்லை என்று அண்ணனிடம் சொன்னது. பிறந்தநாளுக்கு அம்மா எடுத்துக் கொடுத்த சட்டையைப் போட்டுக்கொண்டு நின்று, அண்ணனைப் பார்த்து வெளிப்பேச்சில், "திரைச்சீலை மாதிரி இருக்கு, எங்கயாவது தொலைச்சிடப் போறேன்" என்றது. அம்மா அதற்குச் சிரித்த முகத்தோடு, "அழகா இருக்கா?" என்று கேட்டாள். "சூப்பர்மா" என்று இவள் தமிழில் பதில் சொன்னாள். அந்த 'சூப்பர்மா'வை நினைக்கும்போதுதான் அவளுக்கு நடு ரோட்டில் கண்ணைக் கட்டிக்கொண்டு வந்தது.

இன்னொன்று அதைவிட மோசம். எட்டாம் வகுப்பில், அம்மா ஒரு பழைய கோட்டு போட்டுக்கொண்டு பள்ளிக்கூட வாசலில் வந்து நிற்பது அவமானமாக இருக்கிறது என்று அண்ணனிடம் அழுதாள். அடுத்த நாளிலிருந்து அம்மா வாசலுக்கு வரவில்லை. தெருமுனையில், மருந்துக் கடைக்குப் பக்கத்தில், ஒதுங்கி நின்றாள். "இங்கதான் நிழலா இருக்கு" என்றாள். கடவுள் நம் குறையைக் கேட்டுவிட்டார் என்று பொடிசு சந்தோஷப்பட்டாள். கடவுளாவது, மண்ணாவது. கேட்டது அம்மா.

கோபமும் வராமல் இல்லை. இது ஒரு விதத்தில் ஒட்டுக்கேட்பதுதானே? மழையிலும் வெயிலிலும் தன்னைக் கவுன்ட்டர் கவுன்ட்டராக நிற்க வைத்துப் பேச வைத்தாளே, எல்லாம் தெரிந்திருந்தும்! அவளுக்குக் கத்த வேண்டும் போல இருந்தது. யாரிடம் கத்துவது? கடையில் சொன்னால் கதை என்று சிரிப்பார்கள். அண்ணனிடம் சொல்லலாம். ஆனால் சொன்ன நிமிடம் அவன் மாறிவிடுவான், வீட்டில் மூச்சு விடக்கூட யோசிப்பான். அம்மாவின் ரகசியத்தை அம்மாவைக் கேட்காமல் உடைக்கிற உரிமை தனக்கு இல்லை என்று பட்டது. ஆக மொத்தம் ஒருவரும் இல்லை.

ரோட்டில் ஆயிரம் பேர் போய்க்கொண்டிருந்தார்கள். அவள் ஒரு கடை வாசலில் சுவர் ஓரமாக ஒதுங்கி நின்று மூக்கைச் சிந்தினாள்.

மத்தியானம் முழுக்க அவள் யாரையும் நடித்துக் காட்டவில்லை. லென்ஸ் தேய்ப்பவர் இரண்டு தடவை, "உடம்பு சரியில்லையா?" என்று கேட்டார்.

சாயங்காலம் பஸ்ஸில் ஜன்னல் ஓரம் உட்கார்ந்து தமிழில் ஒத்திகை பார்த்தாள். 'அம்மா, என்னை மன்னிச்சிடு.' சே, யாரோ மேடையில் பேசுவது போல இருக்கிறது. 'ஸாரிம்மா.' அது தண்ணீர் கொட்டினால் சொல்வது, டம்ளர் உடைந்தால் சொல்வது. 'நான் அன்னைக்குச் சொன்னது...' அதற்கு மேல் தமிழ் ஓடவில்லை. வெளிப்பேச்சில் என்றால் ஆற்று வெள்ளமாக வரும். ஆனால் அம்மாவிடம் வெளிப்பேச்சில் பேசினால் குட்டு உடைந்துவிடும். அம்மா தமிழுக்காக இத்தனை வருஷம் கட்டிக் காத்த கோட்டையைத் தானே இடித்த மாதிரி ஆகும்.

இறங்கும் இடம் வருவதற்குள் ஒரு வழி தோன்றியது. எந்த வழியில் புண்படுத்தினோமோ அதே வழி. சாப்பாட்டு மேஜையில் அண்ணனிடம் பேச வேண்டும். வெளிப்பேச்சில். அம்மா காது கேட்க. அம்மாவும் வழக்கம்போலப் புரியாத மாதிரி இருந்துகொள்ளலாம். யாருடைய மரியாதையும் போகாது. ரூமும் வேண்டாம் என்று ஆகிவிடும். கெட்டிக்காரிதான், இல்லையா? எனக்கும் முதலில் அப்படித்தான் தோன்றியது.

*

பெரியவன் ஒரு கையால் சாப்பிட்டுக்கொண்டு மறு கையால் கைபேசியைத் தள்ளிக்கொண்டிருந்தான். அம்மா சரிபண்ணின கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பரிமாறினாள். அவள் முகத்தில் ஒன்றும் இல்லை. சூப்பர்வைசர் ஒன்றும் சொல்லவில்லை போல.

பொடிசு தொண்டையைச் செருமிக்கொண்டாள்.

"டேய்" என்றாள் வெளிப்பேச்சில். "நான் ட்ரெய்னிங் போகல. இங்கயே இருக்கப் போறேன்."

"என்னது?" பெரியவன் நிமிர்ந்தான். அவனும் வெளிப்பேச்சில்தான். "போன வாரம் சாமியாடின?"

"அன்னைக்கு நான் பேசினது தப்பு. அம்மாவைப் பத்தி அப்படிப் பேசியிருக்கக் கூடாது. அம்மா எனக்குப் பாரம் இல்லை. எனக்கு யார் மேலயோ கோபம், அதை அம்மா மேல கொட்டிட்டேன். அந்த நாக்கு, அது இதுன்னு... நான் சொன்னதை நினைச்சா எனக்கே அசிங்கமா இருக்கு."

சொல்லிக்கொண்டே ஓரக்கண்ணால் பார்த்தாள். அம்மா அண்ணனுக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தாள். ஒரு துளி சிந்தவில்லை.

"ஏய், எதுக்கு இப்போ அழற? அம்மா பார்த்தா என்னமோ ஏதோன்னு பயந்துடப் போறா" என்றான் பெரியவன். "ஆனா நிஜமாச் சொல்றேன், என் வயித்துல பாலை வார்த்த. நான் ராத்திரி பகலா இதே யோசனைதான். கூடக் கூட்டிட்டுப் போனா அங்க ஒருத்தரையும் தெரியாது, பேசவும் தெரியாது, நாள் முழுக்கச் சுவரைப் பார்த்துட்டு உக்காந்திருப்பா. சரி, எங்கயாவது விட்டுட்டுப் போகலாம்னா, அம்மா என்ன பெட்டியா..."

"சும்மா இரு."

"நான் என்ன தப்பாச் சொன்னேன்? யாராவது ஒருத்தர் மாட்டிக்கத்தான் வேணும். நீ மாட்டிக்கிறேன்னு சொல்ற. நான் மாசா மாசம்..."

"வாயை மூடுடா!" மேஜைக்கு அடியில் ஒரு உதை விட்டாள். அது நாற்காலிக் காலில் பட்டு அவளுக்கே வலித்தது.

அம்மா தண்ணீர்ச் செம்பை வைத்தாள்.

"உனக்கு இன்னும் கொஞ்சம் போடட்டுமா?" என்று பெரியவனைக் கேட்டாள்.

"போதும் போதும்" என்றான் அவன், கைபேசியைப் பார்த்தபடி.

அப்புறம்தான் அவன் கை நின்றது. கேள்வி வெளிப்பேச்சில் வந்திருந்தது. பதிலும் அதிலேயே போயிருந்தது. மெல்லத் தலையைத் தூக்கினான்.

"அம்மா... உனக்கு..."

"தெரியும்" என்றாள் அம்மா, அதே வெளிப்பேச்சில். "உங்க கணக்கு வாத்தியாருக்கு நீ வெச்ச பட்டப்பேர்லேர்ந்து தெரியும்."

அந்த வீட்டில் அந்தப் பாஷையில் அம்மாவின் குரல் இதுவரை கேட்டதில்லை. சுவர்கூடப் புதுசாகப் பார்த்தது போல இருந்தது. பெரியவன் கைபேசியைக் கவிழ்த்து வைத்தான். அவனும் கணக்குப் பார்க்கத் தொடங்கிவிட்டான் என்று பொடிசுக்குத் தெரிந்தது. பாவம், அவன் பாக்கி இவளுடையதைவிட அதிகம்.

அம்மா நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். பிள்ளைகள் சாப்பிடும்போது அவள் உட்காருவது வழக்கமில்லை.

"யாரும் மாட்டிக்க வேண்டாம். வேலை செய்யற இடத்துல ரூம் கேட்டேன், கிடைச்சிடுச்சு. ஒண்ணாம் தேதி போறேன். நீ உன் ஊருக்குப் போ. நீ உன் ட்ரெய்னிங் போ. யாரும் எனக்கு நாக்கா இருக்க வேண்டாம். என் நாக்கு எங்கிட்டதான் இருக்கு."

"அம்மா" என்றாள் பொடிசு. தமிழில்தான் வந்தது. "நான் அன்னைக்குச் சொன்னது... கோவத்துல... நிஜமா இல்லம்மா."

"நிஜம்தான்" என்றாள் அம்மா வெளிப்பேச்சில். குரலில் கோபம் இல்லை, அதுதான் பொடிசுக்குத் தாங்கவில்லை. "நியாயமும்தான். பத்து வயசுப் பொண்ணைக் கவுன்ட்டர்ல நிறுத்திப் பேச வெச்சேன். எனக்கு அப்போ அரைகுறையாத்தான் தெரியும். முழுசாத் தெரிஞ்சப்புறம் சொல்லியிருக்கலாம். சொன்னா நீங்க தமிழை விட்டுடுவீங்கன்னு பயம். திருடனுக்குத் தேள் கொட்டின மாதிரி, எது காதுல விழுந்தாலும் வாயைத் திறக்க முடியல."

"தமிழ்ல சொல்லும்மா."

அம்மா சொல்லவில்லை.

"நீங்க ரெண்டு பேரும் சோஃபால உக்காந்து பேசுவீங்க. நான் சமையல் ரூம்ல நிப்பேன். இவ கடைக்கு வர்றவங்களை நடிச்சுக் காட்டுவா. வேற முகம் இருக்கான்னு கேட்டாரே ஒருத்தர், அன்னைக்கு நான் புடவையை வாயில அடைச்சுக்கிட்டுச் சிரிச்சேன். சத்தம் வெளில வந்தா மாட்டிப்பேனே. அப்புறம் வெளில வந்து, 'என்ன சிரிப்பு?'ன்னு கேப்பேன். 'ஒண்ணும் இல்லம்மா'ன்னு சொல்வீங்க. உடனே ரெண்டு பேரும் நல்ல பிள்ளைங்களா ஆயிடுவீங்க. மாத்திரை போட்டியா, கதவைப் பூட்டினியா." அம்மா மேஜைமேல் விழுந்திருந்த ஒரு பருக்கையை விரலால் ஒற்றி எடுத்தாள். "தமிழைக் காப்பாத்திட்டேன்னு நினைச்சேன். அதுல இருந்தது அவ்வளவுதான். நீங்க ரெண்டு பேரும் அந்தப் பக்கம் குடியிருந்தீங்க. அங்க வர எனக்கு வழி இல்லாமப் பண்ணிக்கிட்டது நான்தான்."

பெரியவன் ஏதோ சொல்ல வாயெடுத்து, எந்தப் பாஷையில் சொல்வது என்று தெரியாமல் மூடிக்கொண்டான்.

"அந்த ரூம்ல, பக்கத்து ரூம்காரி ஏதாவது சொன்னா, நான் அப்பவே சிரிக்கலாம்" என்றாள் அம்மா. "எனக்கு அது வேணும்."

பொடிசு எழுந்து அம்மாவின் நாற்காலிக்குப் பக்கத்தில் போய் நின்றாள். கையில் இன்னும் எச்சில். தொடலாமா கூடாதா என்று தெரியவில்லை.

"போகாதம்மா" என்றாள் தமிழில். "இங்கயே சிரி. இனிமே இங்கயே சிரிம்மா."

அம்மா அவளை அண்ணாந்து பார்த்தாள். கண்ணாடிக்குப் பின்னால் கண் நிறைந்திருந்தது. வாயோரம் ஒரு துளி இளகியது. இப்போது தமிழில் சொல்லிவிடுவாள் என்று பொடிசு நினைத்தாள்.

"தமிழ்ல நீ என்னை ஒரு தடவைகூடச் சிரிக்க வெச்சதில்லையேடி" என்றாள் அம்மா. வெளிப்பேச்சில்தான்.

பொடிசு வாயைத் திறந்தாள். ஏதாவது ஒன்று, ஒரே ஒரு வார்த்தை, சின்னதாக ஒரு கேலி. லென்ஸ் தேய்ப்பவரின் மெஷினை நிறுத்துகிறவள் அவள். தமிழுக்குள் கையை விட்டுத் தேடினாள். சாப்பாடு இருந்தது, மாத்திரை இருந்தது, கதவு இருந்தது, சரிம்மா இருந்தது.

அம்மா காத்துக்கொண்டிருந்தாள். குத்திக்காட்டுவதற்காகச் சொல்லவில்லை, நிஜமாகவே காத்துக்கொண்டிருந்தாள். பெரியவன்கூட மூச்சைப் பிடித்துக்கொண்டு தங்கையின் வாயையே பார்த்தான்.

கடைசியில் அம்மா எழுந்து, இரண்டு தட்டுகளையும் ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கி எடுத்துக்கொண்டு உள்ளே போனாள்.